திண்டிவனத்துக்குப் போன புடவை

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், ஒரு ரொட்டிக் கடையின் மாடியில், கைகொடுக்கும் குடும்ப நலச் சங்கம் இயங்கி வந்தது. இரண்டே அறைகள். மாலை நான்கு மணிக்குக் கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வெளியே வரும். அந்த வாசனை மேலே ஏறியதும் கமிட்டி உறுப்பினர்களுக்குப் பசி எடுத்துவிடும் என்பதால் கூட்டங்கள் நீண்டதே இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை, வயதானவர்களுக்கு மூக்குக் கண்ணாடி, சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி, இவை சங்கத்தின் வழக்கமான வேலைகள். 1985-இல் இவற்றோடு ஒரு பட்டுப்புடவை அலமாரியும் சேர்ந்தது.

சங்கத்தின் செயலாளர் கிருஷ்ணவேணி ஒரு நிச்சயதார்த்த வீட்டில் பார்த்த காட்சிதான் அதற்குக் காரணம். சங்கத்தில் அரிசி வாங்கும் குடும்பம் அது. பெண்ணுக்கு எப்படியோ ஒரு புடவை தேடிக் கட்டிவிட்டார்கள். பெண்ணின் தாய்க்குக் கட்ட நல்ல புடவை இல்லை. அவர் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அவரைச் சமையல்காரி என்று நினைத்து, "இன்னும் ரெண்டு அப்பளம் போடு" என்று இலையிலிருந்தபடியே குரல் கொடுத்தார். தாயும் எடுத்து வந்து போட்டுவிட்டு உள்ளே போனார்.

மறுவாரமே கிருஷ்ணவேணி வசதியான வீடுகளில் ஏறி இறங்கினார். பதினொரு பட்டுப்புடவைகள் கிடைத்தன. விசேஷத்துக்கு எடுத்துப் போய்க் கட்டிக்கொண்டு மூன்றாம் நாள் திருப்பித் தந்துவிட வேண்டும், வாடகை கிடையாது. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறு மாதத்தில் வந்து எடுத்தவர்கள் நான்கு பேர்.

விழுப்புரத்தில் ஒருவர் புடவை இன்னொருவருக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். டாக்டர் வீட்டு அம்மாளின் மயில்கழுத்துப் பட்டுப்புடவையைத் தன் தம்பி கல்யாணத்துக்குக் கட்டிப் போன ஒரு பெண்ணிடம், வாசலில் காபி கொடுத்தவரே, "டாக்டரம்மா புடவை ஆச்சே, உனக்கு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மறுநாள் புடவையை மடித்துக் கொண்டுவந்து கிருஷ்ணவேணியின் மேசைமேல் வைத்தார். "அம்மா, நீங்க குடுக்குற அரிசிய வாங்கிக்கறேன். அது வயித்துக்குள்ள போயிடுது, யாருக்கும் தெரியாது. இது வேணாம்."

கமிட்டி கூடியது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த சக்கரபாணி ஒரு யோசனை சொன்னார்.

"நம்மூர் புடவை திண்டிவனம் போவட்டும். திண்டிவனத்துப் புடவை இங்க வரட்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தாண்டி எவன் அடையாளம் கண்டுபுடிக்கப் போறான்? பொட்டி போய் வர்றதுக்கு நானாச்சு."

கீழே ரொட்டி வெந்துகொண்டிருந்தது. தீர்மானம் உடனே நிறைவேறியது. சங்கத்தின் சேவை திண்டிவனத்துக்கு விரிவடைந்தது இப்படித்தான். 1987 தை பிறந்ததும் அங்கே சூசை மேரி என்ற தையல்காரர் தன் வீட்டு முன்னறையில் ஒரு அலமாரியை ஒதுக்கிக் கொடுத்தார். தகரப் பெட்டி பாசஞ்சர் ரயிலில் போய் வந்தது. விதிகள் இரண்டுதான். புடவை கொடுத்தவர் யார் என்று கிருஷ்ணவேணிக்கு மட்டும் தெரியும். எடுத்தவர் யார் என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவருக்கும் கிருஷ்ணவேணிக்கும் மட்டும் தெரியும்.

கிருஷ்ணவேணியை ஊர் நம்பியது. இருபத்தாறு வருடம் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதில் பாதி அவர் காது வழியாகப் போனது. வாய் வழியாக எதுவும் வந்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கெடாரிலிருந்து வெள்ளையம்மாள் வந்திருந்தார். ஐம்பது வயது, சொந்த நிலம், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலையும் கரும்பும் போடும் குடும்பம். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்தால் கிளிப்பச்சை உடலும் ரோஸ் கரையுமாக ஒரு பட்டு. முந்தானை முழுக்க ஜோடி ஜோடியாகப் பறவைகள்.

"அன்னமாம்" என்றார் வெள்ளையம்மாள். "நீங்களே பாருங்க. வாத்து மாதிரி இல்ல?"

கிருஷ்ணவேணி பார்த்தார். வாத்து மாதிரிதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரோட அக்கா குடுத்தது. திருவெண்ணெய்நல்லூர்ல பெரிய எடத்துல வாழ்க்கப்பட்டவங்க. நாங்க புதுமனை புகுந்தப்ப எடுத்துக் குடுத்தாங்க. பாக்கும்போதெல்லாம் ஏன் கட்டல, ஏன் கட்டலன்னு ஒரே பேஜாரு. பெட்டியில பத்திரமா இருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கேன். இத கட்டிக்கினு நான் தெருவுல நடக்க முடியுமா? தேவைப்பட்டவங்க கட்டட்டும். ஆனா இந்த ஊர்ல யாரும் கட்டக் கூடாது. அண்ணி காதுக்குப் போச்சுன்னா என் கதி அவ்ளோதான்."

"இது திண்டிவனம் போயிடும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது" என்றார் கிருஷ்ணவேணி.

திண்டிவனத்தில் அதே புடவை பாஞ்சாலியின் கைக்குப் போனது. பாஞ்சாலி மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை செய்தார். கணவர் துரைக்கண்ணு அதே மில்லில் மூட்டை தூக்கியவர். இரண்டு வருடம் முன்பு அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து கட்டிலோடு இருந்தார். மகள் அம்மணிக்குப் பத்தொன்பது வயது. சூசை மேரியிடம் தையல் பழகிக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் ஒரு வரன் வந்து பார்த்தது. வந்தவர்கள் அம்மணி கட்டியிருந்த நூல் புடவையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். பாஞ்சாலி அந்தக் காபியை வாசலில் கொட்டினார். மறுபடி ஒரு தரம் அப்படி நடந்தால் தன்னால் தாங்க முடியாது என்று சூசை மேரியிடம் சொன்னார்.

"யாருக்கும் தெரியாதேக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கும் உனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்" என்றார் சூசை மேரி.

பத்து நாளுக்கு ஒரு தரம் சூசை மேரி விழுப்புரத்துக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவார். அந்த முறை சனிக்கிழமை மாலை வந்த கடிதத்தைக் கிருஷ்ணவேணி மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் சங்கத்துக்கு வந்து பிரித்தார். அலமாரியில் பூச்சி உருண்டை தீர்ந்துவிட்டது என்பது முதல் செய்தி. இரண்டாவது செய்தி இது: "பச்சைப் புடவையை அம்மணிக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சீனுவாசன், பம்புசெட் மெக்கானிக். அப்பா கண்ணையன். ஊர் கெடாராம். நல்ல இடம் என்று புரோக்கர் சொல்கிறார்."

கிருஷ்ணவேணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். கண்ணையன் என்பது வெள்ளையம்மாளின் கணவர் பெயர்.

புடவைகளை ஊர் மாற்றி அனுப்பிய கமிட்டி, இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பவர்கள் என்பதை யோசிக்கவே இல்லை. பெட்டி ஒரு வண்டியில் போனால் சம்பந்தம் அடுத்த வண்டியில் போகும்.

கீழே ரொட்டிக் கடையில் போன் இருந்தது. சூசை மேரி வீட்டுக்குப் பக்கத்து நெல் மண்டிக்கு ஒரு டிரங்க் கால் போட்டார். எக்ஸ்சேஞ்சில் அன்று டியூட்டியில் இருந்தது அமல்ராணி. கிருஷ்ணவேணியிடம் வேலை பழகியவள்.

"மணி அடிச்சிக்கினே இருக்குதுமா, யாரும் எடுக்கல. இன்னிக்கி ஞாயித்துக்கெழம, மண்டிக்கு லீவு."

"லைட்னிங் கால் போடேன்." மற்ற கால்களை எல்லாம் முந்திக்கொண்டு போகும் அவசரக் கால் அது.

"லைட்னிங் போட்டா பூட்டு தொறந்துக்குமாம்மா?"

வேறு வழி இல்லை, நேரில் போக வேண்டும்; கையில் மாற்றுப் புடவையோடு போக வேண்டும். சங்கத்து அலமாரியைத் திறந்த பிறகுதான் கிருஷ்ணவேணிக்கு உறைத்தது. விழுப்புரத்தில் இருப்பதெல்லாம் திண்டிவனத்து வீடுகளின் புடவைகள். அதில் ஒன்றை எடுத்துப் போனால் இந்தத் தடவை பக்கத்துத் தெருவிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு ஓடி, பணி ஓய்வு நாளில் தான் கட்டிய அரக்குப் பட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

தை மாதம், கரும்பு வெட்டு. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசலில் லாரிகளும் மாட்டு வண்டிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு கரும்பை உருவிக் கடிக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் ஜல்தியா போவக் கூடாதாப்பா?" என்றார் கிருஷ்ணவேணி ஜன்னல் வழியாக.

"நான் ரெடிம்மா. முன்னாடி நிக்கிற மாட்டுக்குச் சொல்லுங்க."

திண்டிவனத்தில் அவர் இறங்கியபோது மணி பத்தே முக்கால். மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் இருந்த சந்தில் பாஞ்சாலியின் வீடு. வாசலில் வாடகை வேன் நின்றது. முன்பக்கம் போக முடியாது; வெள்ளையம்மாள் தன்னைப் பார்த்த மறு நிமிடம் எல்லாம் வெளியே வந்துவிடும். கிருஷ்ணவேணி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அது சமையலறைக்குள் திறந்தது. உள்ளே சூசை மேரி காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களா? வாங்க வாங்க, பொண்ணு ராணி மாதிரி இருக்குது."

"எங்க அவ?"

"இப்பத்தான் தட்ட எடுத்துக்கினு போனா."

கிருஷ்ணவேணி மஞ்சள் பையோடு அம்மி அருகே உட்கார்ந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சூசை மேரி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கதவிடுக்கில் கண்ணை வைத்தார்கள்.

ஒரே கூடம். இரவல் நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர். கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு, கண்ணையனிடம் அந்த வருஷத்து மல்லாட்டை விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். புரோக்கர் விருத்தாசலம் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். வெள்ளையம்மாளுக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணி, கண்ணையனின் அக்கா சின்னபொண்ணு, மடியில் பூக்கூடையோடு. மாப்பிள்ளையின் அத்தை என்பதால் அந்தக் கூடை அவர் பொறுப்பு. பெண் பிடித்துவிட்டால் அத்தை எழுந்து தலையில் பூ வைப்பார். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். கூடை பூவோடு திரும்பும்.

அம்மணி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளையம்மாளின் தம்ளர் உதட்டுக்கு அரையடி கீழே அப்படியே நின்றுவிட்டது. அவர் கண் அம்மணியின் முந்தானையில் இருந்தது.

சின்னபொண்ணு காபியை ரசித்துக் குடித்து முடித்தார். பெண்ணைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. கூடையில் கை வைத்து எழுந்து, ஒரு முழம் மல்லிகையை எடுத்துக்கொண்டு அம்மணிக்குப் பின்னால் போனார். போனவர் நின்றார்.

"கொஞ்சம் இரும்மா. இந்தப் புடவை எங்க எடுத்தது?"

பாஞ்சாலி சுவரோரம் நின்றிருந்தார். இந்தக் கேள்விக்குப் பதில் தயாராகத்தான் இருந்தது. "பாண்டிலங்க. எங்க தம்பி எடுத்துக் குடுத்தான்."

"பாண்டில எந்தக் கட?"

இதற்குத் தயாராக இல்லை. துரைக்கண்ணு கட்டிலிலிருந்து உதவிக்கு வந்தார். "நேரு வீதிங்க."

"நேரு வீதில இது கெடைக்காதுங்க" என்றார் சின்னபொண்ணு. கோபமில்லை, குழப்பம்தான். "ஆரணில நானே சொல்லி நெய்ய வச்ச புடவை இது. தறிக்காரரு முன்னாடி ஒக்காந்து, அன்னம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கணும்னு சொல்லிச் சொல்லி வாங்கினேன். ரெண்டே ரெண்டுதான் நெய்ஞ்சாரு. ஒண்ணு எங்கிட்ட இருக்குது. இன்னொண்ணு..."

அவர் திரும்பி வெள்ளையம்மாளைப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அம்மணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் இருந்த காலி தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

எனக்குத் தெரியாது என்று வெள்ளையம்மாள் சொன்னால் அந்தப் பெண் திருடியாவாள். சங்கத்துக்குக் கொடுத்தேன் என்று உண்மையைச் சொன்னால் பெண் இரவல்காரி. தான் இத்தனை வருடம் அண்ணியை ஏமாற்றியவர். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான் அண்ணி குடுத்தனுப்பிச்சேன்."

"நீயா?" என்றார் கண்ணையன். "எப்போ?"

"பத்து நாளு ஆவுது."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிக்கினா இருக்கேன்?" வெள்ளையம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அண்ணி ஆசையா குடுத்த புடவை. எனக்குக் கட்ட மனசே வரல. வீட்டுக்கு வர்ற மருமவ மொதல்ல கட்டட்டும்னு பெட்டியில வச்சிருந்தேன். புரோக்கர்கிட்டதான் குடுத்தனுப்பிச்சேன்."

எல்லோரும் விருத்தாசலத்தைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக வரன் பேசி வந்த மனிதர். கண்ணைக் கூட இமைக்கவில்லை.

"ஆமாங்க. கொண்டாந்து குடுத்ததே நான்தான். மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா உத்தரவு. அதான் பாவம், இவங்க பாண்டி கீண்டின்னு உளர்றாங்க."

சின்னபொண்ணுவின் கண் கலங்கியது. "அதான் நீ கட்டவே இல்லியா? நான் இன்னா இன்னாவோ நெனச்சிக்கினு இருந்தேன் வெள்ளையம்மா."

கண்ணையனுக்கு வேறு கவலை. "பொண்ண இன்னிக்கித்தானே பாக்க வந்தோம். அதுக்குள்ள புடவை அனுப்பிட்டியா நீ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டுப் புடவை பெண் வீட்டுக்குப் போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதன்பிறகு யாரும் பின்வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. இதை வெள்ளையம்மாள் பொய்யைச் சொல்லி முடித்த பிறகுதான் உணர்ந்தார் என்பது கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"கொசுவம் சரிஞ்சிருக்குது, உள்ள வாம்மா" என்று அம்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளையம்மாள் சமையலறைக்குள் நுழைந்தார். பாஞ்சாலியும் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

கதவிடுக்கிலிருந்து விலகிய கிருஷ்ணவேணி அம்மி ஓரத்தில் மஞ்சள் பையோடு நின்றார்.

வெள்ளையம்மாள் குரலை அடக்கிக்கொண்டு பேசினார். "திண்டிவனத்துக்குப் போயிடும், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே."

"திண்டிவனத்துக்குத்தாம்மா வந்துது. நீங்க பின்னாலயே வருவீங்கன்னு யாரு கண்டா?"

சூசை மேரி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பாஞ்சாலி ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் புரிந்தது, சிரிப்பு வரவில்லை.

"அம்மா, எம் பொண்ணு மானத்தக் காப்பாத்திட்டீங்க. அதுக்காக நீங்க பொண்ணு எடுக்கணும்னு இல்ல. ஊருக்குப் போயி, ஜாதகம் ஒத்து வரலன்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க. புடவைய நாங்க திருப்பிக் குடுத்துட்டோம்னு இருக்கட்டும். சத்தியமா தப்பா நெனைக்க மாட்டோம்."

வெள்ளையம்மாள் அம்மணியைப் பார்த்தார். "வேற இன்னா இன்னா எரவல்?"

"அம்மணி, சும்மா இரு" என்றார் பாஞ்சாலி.

"கேக்கறாங்கல்ல" என்றாள் அம்மணி. "நாற்காலி எதிர்வீட்டுது. தம்ளரு மேரியக்காது. கழுத்துல இருக்குற சங்கிலி பக்கத்து வீட்டுது, மத்தியானம் குடுத்துடணும். அப்பா சட்டை எங்களுது, தீவாளிக்கு எடுத்தது."

"ரவிக்கை?"

"என்னுது. நான் தச்சது."

வெள்ளையம்மாள் அவளைத் திருப்பி நிற்க வைத்துத் தோளிலும் கைக்குழியிலும் தையலைத் தடவிப் பார்த்தார். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. "எனக்கு எந்த டைலரும் சரியா வெட்டுனதே இல்ல. ஒரு பக்கம் தூக்கிக்கும்."

"உங்களுக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கம்மா. அதப் பாக்காம வெட்டியிருப்பாங்க."

"காபி குடுக்கும்போதே பாத்துட்டியா?"

"கண்ணுக்குப் பட்டுதுங்க."

வெள்ளையம்மாள் தன் இடது தோளைத் தானே ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு பாஞ்சாலியின் பக்கம் திரும்பினார். "நானும் சொல்லிடறேன். பையன் கையில கட்டியிருக்குற வாட்ச்சு அவன் சிநேகிதனுது. மூலையில ஒருத்தரு ஒக்காந்து மிக்சரு துண்ணுக்கினு இருக்காரே, சித்தப்பான்னு சொன்னோமே, அவரு சொந்தமே இல்ல. கூட்டம் கொறையுதேன்னு வேன்ல ஏத்திக்கினு வந்தோம்."

இப்போது பாஞ்சாலிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"சரி, நீ சொல்லு" என்றார் வெள்ளையம்மாள் அம்மணியிடம். "எம் பையன புடிச்சிருக்குதா?"

"நான் இன்னும் பாக்கலீங்க."

"அவனுக்கும் காபி குடுத்தியே?"

"தட்டுல தம்ளரு ஆடிக்கினு இருந்துச்சி. அதத்தான் பாத்தேன்."

வெளியே கண்ணையன் கனைத்தார். வெள்ளையம்மாள் கொசுவத்தை இழுத்துச் சரி செய்துவிட்டார். "இப்ப வந்து நல்லாப் பாரு. புடிக்கலன்னா மூக்கத் தொட்டுக்க. மீதிய நான் பாத்துக்கறேன். இன்னிக்கி ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாச்சு, இன்னொண்ணு சொல்ல எவ்ளோ நேரம் ஆவப் போவுது."

கதவு மறுபடி திறந்தது. கிருஷ்ணவேணியும் சூசை மேரியும் இடுக்குக்குத் திரும்பினார்கள்.

அம்மணி காலித் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்று, சொன்னபடி நிமிர்ந்து பார்த்தாள். சீனுவாசன் இருபத்தைந்து வயது. கறுப்பு, ஒல்லி, நகக்கண்ணில் கிரீஸ் கறை முழுவதும் போகவில்லை. அப்படி ஒரு பெண் நேராகப் பார்ப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. முதலில் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். பிறகு இரவல் வாட்ச்சைப் பார்த்தான். கடைசியில் வேறு இடம் இல்லாமல் அவளைப் பார்த்தான்.

"தைக்கிறது கால் மிஷினா?" என்றான்.

"ஆமாங்க. பெல்ட்டு அடிக்கடி கழண்டுக்குது."

"பெல்ட்ட ரெண்டு நூலு, அதான் கால் இஞ்சு, கம்மி பண்ணிக் கட்டணும். சக்கரத்த கொஞ்சம் உள்ள தள்ளி மாட்டினாலும் போதும்."

"தள்ளிப் பாத்துட்டேன். மரம் இடிக்குது."

"பாத்தாத்தான் தெரியும்" என்றான் சீனுவாசன். மூலையில் இருந்த இரவல் சித்தப்பா மிக்சர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "ஒரு நாளைக்கி வந்து பாத்துடேம்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. அம்மணியின் வலது கையையே கவனித்துக்கொண்டிருந்தார். கை தட்டின் விளிம்பை விட்டு எழவில்லை. சின்னபொண்ணு பூவோடு பின்னால் வந்ததும் அம்மணி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.

"அண்ணி, நல்லா அழுத்தி சொருவுங்க" என்றார் வெள்ளையம்மாள்.

பூ வைத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் எழுவார்கள் என்று கிருஷ்ணவேணி எதிர்பார்த்தார். அவர்கள் எழவில்லை. இன்னொரு சுற்றுக் காபி போனது. கண்ணையனும் துரைக்கண்ணுவும் மல்லாட்டையை விட்டுக் கரும்புக்கு வந்திருந்தார்கள். பங்குனிக்கு முன்னால் முகூர்த்தம் இருக்கிறதா என்று விருத்தாசலம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சமையலறைப் புகையில் உட்கார்ந்து கிருஷ்ணவேணி வெங்காயம் உரித்துக்கொடுத்தார்; சும்மா இருக்க அவருக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணி நெருங்கியபோது வெள்ளையம்மாள் கை கழுவும் சாக்கில் உள்ளே வந்தார்.

"புடவை இனிமே அவளுது. உங்க அலமாரிக்கு நான் வேற ஒண்ணு குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, இனிமே என் புடவைய திண்டிவனத்துக்கு அனுப்பக் கூடாது. சம்பந்தி ஊரு ஆயிடுச்சி."

"விழுப்புரத்துலயும் கூடாது, திண்டிவனத்துலயும் கூடாதுன்னா எங்கம்மா அனுப்பறது?"

"அது உங்க சங்கத்துப் பாடு. அனந்தபுரம் பக்கம் ஒண்ணு தொறங்களேன். அங்கயும் கஷ்டப்படறவங்க இருக்கறாங்க."

கிருஷ்ணவேணிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த கமிட்டியில் வைத்துவிடலாம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அனந்தபுரத்துல உங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லியே?"

"இல்ல" என்றார் வெள்ளையம்மாள். பிறகு, "எங்க ஓரகத்தியோட தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்குது. அவ மாமியாரு வீட்டுல..." என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.